முகவரிக்கு எட்டாத முப்பத்தைந்து மணி நேரம்

ஸ்ரீ ரமணாசிரமத்துக்குக் கடிதம் எழுதுவோர் உறையின்மேல் 606603 என்று குறிப்பர். ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டெண் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 1972 ஆகஸ்ட் 15 அன்று. அதற்கு முன்பும் உலகின் பல மூலைகளிலிருந்து இப்பகுதிக்குக் கடிதங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. உள்ளூர்க்காரருக்கோ ஆறு இலக்கமும் வேண்டியதில்லை. செங்கம் சாலையில் சேஷாத்திரி ஆசிரமத்தைத் தாண்டி இரண்டாம் சந்து, அதில் மூன்றாம் வீடு என்றால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விட்டுவிடுவார். சாலை, சந்து, வீடு என்று மூன்று படிகளில் இடத்தைச் சொல்வது ஒரு முறை. எல்லா இடங்களுக்கும் ஒரே வரிசையில் எண்ணிட்டு, எண்ணை மட்டும் சொல்வது மற்றொரு முறை. முதலாவதற்கு ஊர் அறிந்த ஆள் வேண்டும். இரண்டாவதற்கு எத்தனை இலக்கம் என்பதை முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். கணினியின் வன்தட்டு இவ்விரு முறைகளுக்கும் இடையே ஏறத்தாழ இருபது ஆண்டுக்காலம் அல்லாடியது. பெரிய வன்தட்டு ஒன்றில் லினக்ஸை நிறுவ முயன்று, "இவ்வளவு பெரிய தட்டு ஏன் இவ்வளவு சிறிதாகத் தெரிகிறது" என்று திகைத்தவர்கள் அனைவரும் அந்த அல்லாட்டத்தின் ஏதோ ஒரு கட்டத்தில் சிக்கியவர்களே.

இலக்கியம் பேசும் இடத்தில் இது எதற்கு என்று கேட்கலாம். 2007ஆம் ஆண்டில் நம்மிடம் ஏறத்தாழ 240 மணி நேர ஒலிநாடாக்கள் சேர்ந்திருந்தன. பல ஆண்டுகளாக மாணவர்கள் கள ஆய்வுக்குச் சென்று பதிந்துவந்த தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு, இரவு முழுதும் நடந்த தெருக்கூத்து. பாடியவர்களில் பலர் அதற்குள் மறைந்துவிட்டனர். நாடாக்களில் பூஞ்சை பிடித்திருந்தது. சிலவற்றை ஒரு முறை ஓட்டினால் மறுமுறை ஓடுமா என்பதே ஐயம். எண்முறைக்கு மாற்றுவதென்றால் சுருக்காமல் மாற்ற வேண்டும் என்பதில் நாம் உறுதியாக இருந்தோம். குறுந்தகட்டுத் தரத்தில் ஒரு மணி நேர ஒலிக்கு ஏறத்தாழ 635 மெகாபைட் இடம் தேவை. 160 ஜிகாபைட் வன்தட்டில் 250 மணி நேரத்துக்குச் சற்று மேல் அடங்கும். கணக்குச் சரியாக இருந்தது, தட்டும் வாங்கியாயிற்று. ரமணாசிரமப் பகுதியில் நண்பர் ஒருவர் வீட்டின் முன்னறையில், எவரோ கழித்துக் கொடுத்த 1999ஆம் ஆண்டுக் கணினி ஒன்றில் அதைப் பொருத்தி லினக்ஸை நிறுவத் தொடங்கினோம். அங்கேதான் முகவரிச் சிக்கல் குறுக்கிட்டது. அதைச் சொல்லுமுன் பழைய கதைக்குப் போக வேண்டும்.

வன்தட்டு என்பது ஒரே அச்சில் சுழலும் வட்டத் தகடுகளின் அடுக்கு. ஒவ்வொரு பரப்பிலும் வட்ட வட்டமாகத் தடங்கள் உள்ளன. மேலும் கீழுமாக ஒரே நேர்கோட்டில் அமையும் தடங்களை ஒன்றுசேர்த்து உருளை என்றனர், ஆங்கிலத்தில் சிலிண்டர். எந்தப் பரப்பு என்பதைக் குறிக்க, அதைப் படிக்கும் முனையின் எண். தடத்துக்குள் எந்தத் துண்டு என்பதைக் குறிக்க, செக்டர் எண். ஒரு செக்டரில் 512 பைட். ஆக உருளை, முனை, செக்டர் என்பது மேலே சொன்ன சாலை, சந்து, வீடு போன்றதே.

1983இல் ஐபிஎம் நிறுவனம் 10 மெகாபைட் வன்தட்டுடன் எக்ஸ்டி கணினியை வெளியிட்டது. கணினி விழித்தெழும்போது முதலில் இயங்கும் பயாஸ் என்னும் நிரல், தட்டோடு பேசுவதற்கு ஒரு முகவரி அமைப்பை வைத்திருந்தது. அதில் உருளைக்கு 10 பிட், முனைக்கு 8 பிட், செக்டருக்கு 6 பிட். அதாவது 1024 உருளைகள், 256 முனைகள், 63 செக்டர்கள். செக்டர் எண் சுழியத்தில் அல்லாமல் ஒன்றில் தொடங்குவதால் 64 அன்று, 63. இதன் உச்சம் ஏறத்தாழ 8.4 ஜிகாபைட். பத்து மெகாபைட் புழங்கிய காலத்தில் அதைப்போல் எண்ணூறு மடங்குக்கும் மேல் இடம் விட்டுவைத்தவர்களைத் தொலைநோக்கு இல்லாதவர்கள் என்று இகழ்வது எளிது. நமக்கு அது நியாயமாகப் படவில்லை. வீடு கட்டும்போது எண்ணூறு தலைமுறைக்கு அறை விடுபவர் எவருமில்லை.

கோளாறு வேறிடத்தில் நேர்ந்தது. 1980களின் நடுவில் உருவான ஐடிஇ வன்தட்டுகள், பின்னர் ஏடிஏ என்று தரப்படுத்தப்பட்டவை, தமக்கென ஒரு முகவரி அமைப்பை வைத்துக்கொண்டன. அதில் உருளைக்கு 16 பிட், முனைக்கு 4 பிட், செக்டருக்கு 8 பிட். இதன் உச்சம் 137 ஜிகாபைட் அளவுக்குப் போகும். தனித்தனியே பார்த்தால் இரண்டும் தாராளமானவை. ஆனால் ஒரு பெட்டியை இரண்டு வாசல்கள் வழியாக உள்ளே கொண்டுபோக வேண்டும் என்று வையுங்கள். ஒரு வாசல் உயரமானது, குறுகியது. மற்றது அகலமானது, தாழ்ந்தது. இரண்டிலும் நுழையும் பெட்டி, குறுகிய வாசலின் அகலத்தையும் தாழ்ந்த வாசலின் உயரத்தையும் தாண்ட முடியாது. பயாஸின் 1024 உருளை, ஏடிஏயின் 16 முனை, பயாஸின் 63 செக்டர். பெருக்கி வருவது 52,84,82,304 பைட். ஆயிரம் ஆயிரமாக எண்ணினால் 528 மெகாபைட். 1024 வீதம் எண்ணினால் 504 மெகாபைட். 1990களின் முற்பகுதியில் கணினி வாங்கியவர்களை வாட்டிய முதல் எல்லை இதுதான். எவரும் திட்டமிட்டு வகுத்த எல்லை அன்று. இரு குழுக்கள் ஒருவரையொருவர் கேளாமல் அமைத்த இரு வாசல்களின் விளைவு.

இதைத் தாண்டுவதற்கு ஒரு பொய் கண்டுபிடிக்கப்பட்டது. தட்டில் உள்ள உருளைகளின் எண்ணிக்கையைப் பாதியாகவோ காலாகவோ குறைத்து, அதற்கு ஈடாக முனைகளைப் பெருக்கிப் பயாஸ் இயங்குதளத்திடம் சொல்லும். உள்ளே இரண்டே தகடுகள் இருக்கும். 255 முனைகள் உண்டு என்று அறிக்கை வரும். 256 என்று சொல்லியிருக்கலாம். ஆனால் எம்எஸ் டாஸ் 256 முனைகளைக் கண்டால் நிலைகுலைந்துவிடும் என்பதால் ஒன்றைக் குறைத்துக்கொண்டனர். தட்டுகளும் பொய் சொல்லக் கற்றன. 8.4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட ஏடிஏ தட்டு எதுவாயினும், எவ்வளவு பெரிதாயினும், 16383 உருளை, 16 முனை, 63 செக்டர் என்ற ஒரே விடையைத்தான் தரும். "என் உண்மையான அளவை வேறிடத்தில் பார்" என்பதற்கான குழூஉக்குறி அது. அந்த வேறிடத்தில், எல்லாச் செக்டர்களையும் ஒரே வரிசையில் எண்ணிய எண்ணிக்கை இருக்கும். எல்பிஏ எனப்படும் நேர்வரிசை முகவரி முறை இதுவே. சாலையும் சந்தும் பெயரளவில் நின்றுவிட, வீட்டெண் மட்டும் மெய்யாயிற்று.

லினக்ஸ் இந்தக் கதைக்குள் வந்தது 1991இல். லினஸ் டார்வால்ட்ஸ் வெளியிட்ட 0.01 பதிப்பின் மூலநிரலைப் பார்ப்பவர்கள் புன்னகைப்பார்கள். அதில் வன்தட்டைக் கண்டறியும் முயற்சியே இல்லை. லினஸின் தட்டுக்கு எத்தனை முனை, எத்தனை உருளை என்பதும், ஹெல்சிங்கியில் அவருடன் இருந்த நண்பர் ஒருவரின் தட்டுக்குரிய எண்களும் நிரலிலேயே எழுதப்பட்டிருந்தன. மூன்றாமவர் ஒருவர் அதை ஓட்ட விரும்பினால் தம் தட்டின் எண்களைத் தாமே நிரலில் எழுதி, மறுபடி தொகுத்துக்கொள்ள வேண்டும். இரண்டு வீட்டுக்காரர்களுக்கு மட்டும் கடிதம் கொடுக்கத் தெரிந்த தபால்காரர் என்று சொல்லலாம். அடுத்தடுத்த பதிப்புகளில் பயாஸிடம் கேட்டறிந்தனர். பின்னர், பயாஸ் சொல்வதைப் பொருட்படுத்தாமல் தட்டிடமே நேராகக் கேட்கும் வழக்கத்துக்கு வந்தனர்.

இந்தக் கடைசி மாற்றம்தான் லினக்ஸின் பலம், இன்னலும் அதுவே. கெர்னல் எனப்படும் கருநிரல் நினைவகத்துக்குள் வந்து அமர்ந்துவிட்டால் அதற்குப் பயாஸின் தயவு வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கருநிரலைத் தட்டிலிருந்து எடுத்து நினைவகத்துக்குள் கொண்டுவந்து சேர்ப்பது யார்? லிலோ என்னும் சிறு ஏற்றி. அது ஐந்நூற்றுச் சொச்சம் பைட்டுகளுக்குள் தன் முதற்பகுதியை அடக்கிக்கொண்டு வாழ வேண்டிய நிரல். தட்டைப் படிக்கப் பயாஸையே அண்டியிருந்தது. ஆகவே 1024ஆம் உருளைக்கு அப்பால் கருநிரல் இருந்தால் லிலோவுக்கு எட்டாது. நிறுவும்போது எல்லாம் சரியாக நடக்கும், கோப்புகள் படியெடுக்கப்படும், மறுபடி கணினியை இயக்கும்போது நின்றுவிடும். எதையும் காணாத பயாஸ், அனைத்தையும் காணும் கருநிரல், முன்னதன் கையைப் பிடித்துக்கொண்டுதான் பின்னதை அடைய வேண்டிய ஏற்றி. பெரிய வன்தட்டில் லினக்ஸை நிறுவுவதில் எழுந்த குழப்பங்களில் பாதிக்குமேல் இந்த மூவரின் உறவிலிருந்து வந்தவையே.

லிலோ நின்றுபோகும் விதமே தனி. அது தன் பெயரின் நான்கு எழுத்துகளையும் ஒரே மூச்சில் திரையில் இடுவதில்லை. ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் ஓர் எழுத்து. முதல் எழுத்தோடு நின்று எண்கள் வரிசையாக ஓடினால், இரண்டாம் பகுதியைத் தட்டிலிருந்து எடுக்க முடியவில்லை என்று பொருள். இரண்டு எழுத்தோடு நின்றால் இரண்டாம் பகுதியை எடுத்தும் இயக்க முடியவில்லை. பெரும்பாலும், நிறுவியபோது கொண்ட உருளைக் கணக்கும் இயங்கும்போது பயாஸ் கொள்ளும் கணக்கும் வேறுபட்டதன் அடையாளம். மூன்றோடு நின்றால் கருநிரல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை கிடைக்கவில்லை. நான்கும் வந்தால்தான் மேற்கொண்டு நடக்கும். சொல் எங்கே அறுந்தது என்பதிலிருந்து நோயைக் கண்டுபிடிப்பது, சிதைந்த ஓலையில் எஞ்சிய சீர்களைக்கொண்டு யாப்பைக் கண்டுபிடிப்பதற்கு மிகத் தொலைவில் இல்லை. தமிழ் படித்தவர்களுக்கு இது ஒருவகையில் பழகிய வேலை என்றே நமக்குத் தோன்றியது.

மருந்து எளியது. தட்டின் தொடக்கத்திலேயே, 1024 உருளைக்குள், சிறியதொரு பார்ட்டிஷனை ஒதுக்கிக் கருநிரலை மட்டும் அங்கே வைப்பது. ஏனையவை எங்கிருந்தாலும் குற்றமில்லை. 2000ஆம் ஆண்டுவாக்கில் லிலோவிலேயே எல்பிஏ32 என்ற விருப்பம் வந்தது. புதிய பயாஸ்கள் வழங்கிய நேர்வரிசை முகவரி முறையை அது பயன்படுத்திக்கொண்டது. அத்தகைய பயாஸ் உள்ள கணினிகளில் 1024 உருளை என்னும் விதி காலாவதியாயிற்று. ஆனால் நிறுவல் குறிப்புகளில் அவ்விதி பின்னும் பல ஆண்டுகள் ஓதப்பட்டு வந்தது. காரணம் மறைந்த பின்னும் சடங்கு நிற்பதுண்டே. லிலோவின் வளர்ச்சிப் பணி 2015 இறுதியில் நிறுத்தப்பட்டது. அதற்கு நெடுநாள் முன்பே அதன் இடத்தை குரப் என்னும் ஏற்றி பிடித்துக்கொண்டிருந்தது.

இவ்வளவையும் நாம் அறிந்துகொண்டது பெரும்பாலும் ஓர் ஆவணத்திலிருந்து. ஆந்த்ரீஸ் பிரவுவர் என்னும் டச்சுக் கணிதப் பேராசிரியர் எழுதிய பெரிய தட்டுக் கையேடு அது. அவர் ஐன்ட்ஹோவன் பல்கலைக்கழகத்தில் சேர்மானவியல் துறையில் பெயர்பெற்றவர். லினக்ஸின் கையேட்டுப் பக்கங்களையும் வட்டுக் கருவிகள் அடங்கிய தொகுப்பையும் பல ஆண்டுகள் பராமரித்தார். எல்லை ஒவ்வொன்றையும் எடுத்து, அது எங்கிருந்து முளைத்தது, எந்தக் கருநிரல் பதிப்பில் நீங்கியது, எந்தப் பயாஸ் எவ்வாறு பிறழ்ந்தது என்று உரையாசிரியர் போலப் பிரித்து விளக்கியிருப்பார். பாடபேதங்களைத் தள்ளாமல் எடுத்துக்காட்டித் தம் முடிபைச் சொல்லும் நல்ல உரையாசிரியர். தொழில்நுட்பக் கட்டுரை எழுத விரும்பும் தமிழர்களுக்கு அதனை ஒரு மாதிரியாகக் காட்டலாம்.

அடுத்தடுத்த எல்லைகளை விரைந்து கடந்துவிடலாம். 2.1 ஜிகாபைட்டில் சில பயாஸ்கள் தடுமாறின; 4.2இல் வேறு சில. 8.4இல் பழைய அமைப்பே முடிந்துபோயிற்று. 33.8 ஜிகாபைட்டில் நேர்ந்தது சற்று விநோதமானது. உருளைகளின் எண்ணிக்கை 65,535ஐத் தாண்டியதும், அக்காலத்தில் பரவலாயிருந்த பயாஸ்கள் சில தட்டை அடையாளம் காணும் கட்டத்திலேயே உறைந்து நின்றன. தட்டைக் கழற்றினால்தான் கணினி எழும். லினக்ஸ் கருநிரலிலும் இதே இடத்தில் ஒரு குறை இருந்தது. 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வந்த 2.2.14 பதிப்பில் அது நீங்கியது. தட்டு செய்தவர்கள் ஒரு சிறு ஜம்பரை வைத்தனர். அதைப் பொருத்தினால் தட்டு தன் அளவைக் குறைத்துச் சொல்லும். பயாஸ் ஏமாந்து மேற்செல்லும். ஆனால் அதன்பின் தட்டு லினக்ஸிடமும் அதே குறைந்த அளவைச் சொல்லும். அதனிடம் மறுபடி மெய்யை வரவழைப்பதற்கு பிரவுவர் செட்மேக்ஸ் என்ற சிறு நிரலை எழுதினார். பின்னர் கருநிரலுக்குள்ளேயே அதற்கொரு விருப்பம் சேர்க்கப்பட்டது.

அடுத்தது 137 ஜிகாபைட். ஏடிஏயின் முகவரியில் மொத்தம் 28 பிட். 26,84,35,456 செக்டர்களுக்கு மேல் எண்ண இயலாது. ஒரு பிட் கூட்டினால் எல்லை இருமடங்காகும். நாலைந்து பிட் கூட்டி ஒப்பேற்றியிருக்கலாம். இம்முறை தரக்குழுவினர் 48 பிட்டுக்குத் தாவினர். 2002இல் வெளியான ஏடிஏ 6 தரத்தில் அது இடம்பெற்றது. வன்பொருளின் வாசலை மாற்றாமலே இதைச் சாதித்த விதம் அழகானது. முகவரி எழுதும் பெட்டிகள் பழைய எட்டு பிட் பெட்டிகள்தாம். ஒரே பெட்டியில் இருமுறை எழுத வேண்டும், தட்டு இரண்டையும் சேர்த்துப் படித்துக்கொள்ளும். ஆகவே பழைய கணினிகளிற் பலவும் இயங்குதளம் மட்டும் புதிதாயிருந்தால் இந்தத் தட்டுகளை ஆளக்கூடியனவாயின. லினக்ஸில் இது 2002 ஆகஸ்டில் வந்த 2.4.19 பதிப்பிலிருந்து கிடைத்தது.

இந்த எல்லை முந்தியவற்றைவிடக் கொடியது. முந்தியவை தட்டைக் குறைத்துக் காட்டின அல்லது கணினியை நிறுத்தின. 48 பிட் அறியாத இயங்குதளம் ஒன்று, தட்டு பெரியது என்று எப்படியோ நம்பி 137 ஜிகாபைட்டுக்கு அப்பால் எழுத முற்பட்டால், முகவரியின் மேல் இலக்கங்கள் உதிர்ந்துபோகும். எஞ்சியது தட்டின் தொடக்கத்தையே குறிக்கும். 606603 என்ற எண்ணின் முதல் இலக்கம் மழையில் அழிந்துவிட்டால் கடிதம் 6603 என்ற இடத்துக்குப் போய்ச் சேர்வது போல. அங்கே ஏற்கெனவே இருந்தவற்றின்மேல் புதியது எழுதப்படும். பிழைச்செய்தி எதுவும் வராது. நமது கணக்கில் சொன்னால், 217ஆம் மணி நேரத்து ஒப்பாரி முதல் மணி நேரத்துத் தாலாட்டின்மேல் படியும்.

ரமணாசிரமப் பகுதிக் கணினிக்குத் திரும்புவோம். புதிய தட்டைப் பொருத்தியதும் பயாஸ் அதைத் தேடத் தொடங்கி அப்படியே நின்றது. அதற்குப் புதுப்பித்த பயாஸ் எங்கும் கிடைக்கவில்லை. ஜம்பரைப் போட்டால் முன்சொன்ன சுற்றுவழி. கையேட்டில் எளிதான மற்றொரு வழி இருந்தது. கணினியில் முன்பே இருந்த 4 ஜிகாபைட் தட்டை முதல் தட்டாக விட்டுவிட்டு, பெரிய தட்டுக்குரிய இடத்தில் பயாஸ் அமைப்புத் திரையில் "இல்லை" என்று குறிப்பது. பயாஸ் அந்தப் பக்கம் திரும்பிப் பாராது, ஆகவே உறையாது. சிறு தட்டிலிருந்து கருநிரல் எழும்; எழுந்தபின் தானே கம்பியைத் தொட்டுப் பார்த்துப் பெரிய தட்டைக் கண்டுகொள்ளும். இல்லை என்று சொல்லி உள்ளதை அடையும் வழி இந்தப் பகுதிக்குப் புதிதன்று என்று நண்பர் ஒருவர் சொன்னார்.

கண்டுகொண்டது, ஆனால் 137 ஜிகாபைட் என்றது. நம்மிடமிருந்த குறுந்தகடு 2001ஆம் ஆண்டையது, கருநிரல் 2.4.7. அன்று தொலைபேசி இணைப்பில் ஒரு குறுந்தகட்டளவை இறக்கிக்கொள்வது நாட்கணக்கான வேலை. சிற்றூர்களில் லினக்ஸ் பரவியது இதழ்களோடு வந்த தகடுகளால்தான். 1990களின் பிற்பாதியிலிருந்து பிசிக்வெஸ்ட் இதழும், 2003இல் தொடங்கிய லினக்ஸ் ஃபார் யூ இதழும் செய்த பணியைத் தமிழ்நாட்டுக் கணினி வரலாறு எழுதுவோர் விட்டுவிடக் கூடாது. ஆனால் தகடு கைமாறிக் கைமாறி வருவதற்குள் கருநிரலுக்கு வயதாகிவிடும். அங்கேயே நிறுத்திவிட்டுப் புதிய தகடு ஒன்று சென்னையிலிருந்து வரும்வரை ஒரு நாடாவையும் தொடாமல் காத்திருந்தோம். 137இல் அடங்குவது 216 மணி நேரம். மிச்சமுள்ள முப்பத்தைந்து மணி நேர இடம் கண்ணுக்குத் தெரியவில்லை. நம்மிடமிருந்த 240இல் எந்த இருபத்து நான்கு மணி நேரத்தை விடுவது என்று ஒரு மாலை பேசிப் பார்த்தோம். எவருக்கும் மனம் வரவில்லை. பேச்சு பாதியில் நின்றது.

இந்த மலையின் அடிவாரத்தில் இப்படி எண்ணுவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1902இல் விரூபாட்சி குகையில் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்கு ரமணர் பேசாமல், தரையிலும் சிலேட்டிலும் எழுதி விடை காட்டினார். தரையும் சிலேட்டும் எழுத்தை வைத்திருப்பவை அல்ல. பிள்ளை பெயர்த்தெழுதி வைத்தது நின்றது. இருபத்தோர் ஆண்டு கழித்து, 1923இல், 'நான் யார்?' அச்சேறியது. படியெடுப்பவர் கையில் இடம் போதாமற்போனால் என்ன ஆகும் என்பதை இப்பகுதியில் இருந்துகொண்டு யோசிக்காமல் இருப்பது கடினம்.

புதிய தகட்டின் கருநிரல் 160 ஜிகாபைட்டையும் கண்டது. உடனே நம்பிவிடவில்லை. இத்தகைய இடத்தில் நான்கு எண்களை எழுதி ஒப்பிட வேண்டும் என்பதை அனுபவத்தில் சொல்லலாம். தட்டின் மேல் ஒட்டிய தாளில் உள்ள செக்டர் எண்ணிக்கை, பயாஸ் திரை காட்டும் அளவு, கருநிரல் எழும்போது ஓடும் செய்திகளில் உள்ள அளவு, எஃப்டிஸ்க் காட்டும் அளவு. இந்த நான்கில் எந்த இடத்தில் எண் குறையத் தொடங்குகிறதோ அங்கேதான் சிக்கல். ஜிகாபைட்டைக்கொண்டு ஒப்பிடக் கூடாது; 160 என்று தாள் சொல்வதை 1024 வீதம் எண்ணும் மென்பொருள் 149 என்று சொல்லும், அது குறையன்று, கணக்கு வேறுபாடு. அதுபோல் 137உம் 128உம் ஒன்றே. பதினொரு ஜிகாபைட் காணவில்லை என்று கடைக்காரரோடு சண்டையிட்டவர்களை நாம் அறிவோம். செக்டர் எண்ணிக்கையில் இந்த மயக்கத்துக்கு இடமில்லை. நமது தட்டில் தாளும் கருநிரலும் எஃப்டிஸ்க்கும் ஒரே எண்ணைச் சொல்லின. பயாஸ் மட்டும் தட்டே இல்லை என்றது. அதன்பின், எல்லைக்கு அப்பால் அடையாளக் கோப்பு ஒன்றை எழுதி, கணினியை அணைத்து மறுபடி இயக்கி, அக்கோப்பும் தட்டின் தொடக்கத்தில் இருந்தவையும் மாறாமல் இருப்பதைச் சரிபார்த்த பிறகே முதல் நாடாவை ஓட்டினோம்.

அதே ஆண்டில்தான் சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் வெளிவந்தது. எல்காட் நிறுவனத்தின் மேலாண் இயக்குநராயிருந்த சி. உமாசங்கர் அரசுக் கணினிகளில் சூசே லினக்ஸைப் புகுத்த முயன்றதும் அதனையொட்டிய காலமே. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு மாணவர்களுக்கு மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அவற்றில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் அருகருகே இருந்தன. 320 ஜிகாபைட் வன்தட்டு. 137 என்றொரு எல்லை இருந்தது என்பதே அந்த மாணவர்களுக்குத் தெரிய வேண்டிய தேவை எழவில்லை.

வேறோர் எல்லை அதற்குள் வந்துவிட்டிருந்தது. தட்டைப் பார்ட்டிஷன்களாகப் பிரித்த விவரம் எழுதப்படும் இடம் தட்டின் முதல் செக்டர். அந்தப் பழைய அட்டவணையில் ஒரு பார்ட்டிஷனின் தொடக்கத்துக்கும் நீளத்துக்கும் தலா 32 பிட். 512 பைட் செக்டரில் இது 2.2 டெராபைட்டில் முடியும். 2010இல் 3 டெராபைட் தட்டுகள் வந்தபோது பழைய கதை எழுத்துப் பிசகாமல் திரும்ப நடந்தது. பழைய யுஎஸ்பி உறைகளில் போட்டால் 3 டெராபைட் தட்டு 801 ஜிகாபைட்டாகத் தெரிந்தது. மேல் இலக்கம் உதிர்ந்து எஞ்சிய மிச்சம் அது. நமது ஒலிப்பதிவுகளையும் அவற்றோடு பிற்பாடு சேர்ந்த காணொளிகளையும் 4 டெராபைட் தட்டுக்கு மாற்றியபோது, முதலில் உறையைத்தான் மாற்ற நேர்ந்தது.

இன்றைய தட்டுகளில் ஜிபிடி என்னும் புதிய அட்டவணை 64 பிட் முகவரியோடு அமைகிறது. பயாஸின் இடத்தை யூஇஎஃப்ஐ எடுத்துக்கொண்டது. கருநிரலிலிருந்த பழைய ஐடிஇ பகுதி 2021இல் 5.14 பதிப்போடு நீக்கப்பட்டது. ஆனால் ஜிபிடி தட்டு எதையும் எடுத்து அதன் முதல் செக்டரைப் படித்துப் பார்த்தால் பழைய அட்டவணை அங்கேயே இருக்கக் காணலாம். பழைய கருவி ஏதேனும் தட்டை வெற்றிடமென்று கருதி அழித்துவிடாதிருக்க, தட்டு முழுவதும் ஒரே பார்ட்டிஷன் என்று அதில் எழுதியிருக்கும். 4 டெராபைட் தட்டின் நீளம் அந்த 32 பிட் கட்டத்துக்குள் அடங்காது. ஆகவே அங்கே அக்கட்டம் கொள்ளும் மிகப் பெரிய எண்ணான 4,29,49,67,295 இடப்பட்டிருக்கும்.